வாலுக்கு இடம்

நவம்பர் 12

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள், டிரைவிங் ஸ்கூலும் நன்றாக ஓடும் என்று நம்புகிறேன். அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்களும் நலமாக இருக்கட்டும்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நீ கத்துகிறாய், மூன்றாவதில் நான் வைத்துவிடுகிறேன். மெசேஜ் அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. காகிதம் என்றால் இடையில் புகுந்து கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் ஒரு வால்நட்சத்திரம் வருகிறது. இருட்டியதும் மேற்கு வானத்தில், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு மேலே தெரியும். இரண்டும் ஒரே படத்தில் விழும்படி நெருங்கி நிற்பது ஒரே ஒரு சாயங்காலம்தான். எங்கள் வான்நோக்குச் சங்கத்தில் வேறு பேச்சே இல்லை. போன தடவை ஆன்ட்ரோமெடா கேலக்ஸிப் படத்துக்கு முதல் பரிசு வாங்கியவன் என்பதால் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். சங்க அரங்க வாசலில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டப்போகிறார்கள். "அந்தச் சுவர உங்களுக்குன்னே வச்சிருக்கோம்" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு சின்ன விவரம். நம் கேமராவில் எந்த லென்ஸைப் போட்டால் வானத்தில் எத்தனை டிகிரி படத்துக்குள் விழும்? அகலமான லென்ஸைப் போட்டால் வால்நட்சத்திரம் பொட்டு மாதிரி ஆகிவிடும். குறுகலானதைப் போட்டால் பாதி வெளியே போய்விடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆபீஸில் இன்ஷூரன்ஸ் க்ளைம்கள் குவிந்து கிடப்பதால் உட்கார்ந்து போட நேரமில்லை, அவ்வளவுதான். இதுவரை அந்தக் கணக்கை உன் அக்காதான் போட்டுக்கொண்டிருந்தாள். நீ பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே.

பரிசளிப்பு விழாவில் வாய்தவறி வந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை மாதம் ஒருத்தி தம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பது நியாயமா என்று நீயே யோசி.

குளிர் ஆரம்பித்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


நவம்பர் 20

அத்தானுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சொல்கிறாள். நலமா? சரி, விசாரித்தாகிவிட்டது.

உங்கள் கடிதத்தைக் காரில் வைத்துப் படித்தேன். படித்த எரிச்சலில் கவனம் சிதறி, வண்டி பழக வந்த பல் டாக்டரம்மா நடைபாதை மேல் ஏற்றிவிட்டார். என் பக்கத்து பிரேக்கை மிதிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பழியும் உங்களுக்குத்தான்.

பேச்சோடு பேச்சாகக் கேட்கும் சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. சமையலறையில் வைத்து, "அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்கள்" முதற்கொண்டு ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை. "காபி ஊத்திக் குடுத்தவகிட்ட எதுக்கு டிகிரி கணக்கு கேக்குறாரு? எத்தன ஸ்பூன் சக்கரன்னு கேக்கச் சொல்லு" என்றாள்.

வாய்தவறிய ஒரு வார்த்தை என்கிறீர்களே, நானும் அந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "இந்தப் படத்துக்காக இரவெல்லாம் தனியாகப் போராடினேன். ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுத்த என் மனைவிக்கு நன்றி." கைதட்டினார்கள். எந்த மாதம், எந்த இடம், எந்த லென்ஸ், கேமராவை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று எல்லாவற்றையும் சொன்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மேடையேறி உங்கள் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

கணக்கு கிடையாது. வேறு ஏதாவது வேண்டுமானால் எழுதுங்கள், அதுவும் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் என் வீட்டுக்காரி சொல்லி எழுதியது.

மச்சான்


டிசம்பர் 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நலமறிய ஆவல். பல் டாக்டரம்மாவுக்கு அடி எதுவும் படவில்லையே?

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபீஸில் பத்துப் பேர் சேர்ந்து தயாரிக்கும் அறிக்கையின் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். கிளை மேலாளர் என்றால் அதுதான் வேலை. நல்ல பெயரும் எனக்கு, திட்டும் எனக்கு. அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது இதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறாரா? மேடையில் இரண்டு நிமிடம் கொடுக்கிறார்கள். அதற்குள் யார் எந்தக் கணக்கைப் போட்டார்கள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? அவளுக்கு நன்றி சொன்னேனா இல்லையா? அதற்கே இந்தப் பாடு.

போகட்டும். நீங்கள் யாரும் எனக்குக் கணக்குப் போட்டுத் தர வேண்டாம். நானே பார்த்துவிட்டேன். நம்மிடம் இருக்கும் 200 மில்லிமீட்டர் லென்ஸின் பெட்டியிலேயே பன்னிரண்டு டிகிரி என்று அச்சடித்திருக்கிறான். கார்த்திகைக் கூட்டத்துக்கும் வால்நட்சத்திரத்துக்கும் நடுவே நான்கு டிகிரி. வாலுக்கு ஒரு நான்கு வைத்துக்கொண்டாலும் எட்டு. பன்னிரண்டில் எட்டு தாராளமாக அடங்கும். கணக்கு முடிந்தது. இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டம்!

இதை உன் அக்காவிடம் மறக்காமல் சொல்லிவிடு.

அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அத்தான்


ஜனவரி 17

அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமாக இருங்கள். பதில் தாமதமாகிவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதம் செய்தேன்.

உங்கள் பன்னிரண்டு டிகிரியை அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் கழித்துக் கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். "எத்தன வருஷமா அந்தக் கேமராவ வச்சிருக்காரு! அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டிருக்காரா?" என்றாள்.

அப்புறம் என்னை உட்கார வைத்துப் பேசினாள். எழுது என்றாள். எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். பேனாவை எடுத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. உங்கள் கணக்கு தப்பு என்பதை மட்டும் சொல்கிறேன். மற்றபடி அக்கா சொன்னதையெல்லாம் எழுதி உங்களுக்கு வசதி செய்து கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் மேடையேறி மாலை போட்டுக்கொள்ள இந்தக் குடும்பம் உழைத்தது போதும்.

அவள் என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் வாய்திறந்து கேளுங்கள். "என் மனைவி என்ன சொன்னாள்" என்று எழுதிக் கேளுங்கள். "உன் அக்கா", "மற்றவர்கள்" என்றெல்லாம் எழுதினால் பதில் வராது.

சளிக்காலம், வெந்நீர் குடியுங்கள்.

மச்சான்


ஜனவரி 24

மச்சானுக்கு,

நான் நலம்.

நீ எனக்கு நிபந்தனை போடுகிறாயா? நீ பள்ளிக்கூடப் பையோடு சுற்றிய காலத்தில் இருந்து உன்னைப் பார்க்கிறேன். உனக்கு முதல் வண்டி வாங்கக் கடைக்கடையாக அலைந்தவன் நான். இன்று நீ என் பெண்டாட்டியை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

உன் அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கேட்டதுதானே? எனக்கு எதுவும் தெரியாது, நான் எதையும் கேட்டுக்கொள்வதில்லை, என் வேலை ஷட்டரை அமுக்குவது மட்டும்தான். அதைக் காகிதத்தில் வேறு படிக்க வேண்டுமா? எனக்கு வேண்டாம். அவள் சொன்னதை நீயே வைத்துக்கொள். வேண்டாம் என்று அவளிடமே சொல்லிவிடு.

கணக்கு தப்பாம்! லென்ஸைச் செய்தவன் பெட்டியில் அடித்த எண் தப்பு, சமையலறையில் உட்கார்ந்து சொல்வது சரி. நன்றாக இருக்கிறது. படம் சுவரில் ஏறிய பிறகு குடும்பத்தோடு வந்து பாருங்கள்.

வணக்கம்.

அத்தான்


பிப்ரவரி 10

அத்தானுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறையிருக்காது.

நீங்கள் சொன்னபடியே சொல்லிவிட்டேன். "அத்தான் வேண்டாம்னு எழுதிட்டாரு" என்றேன். இதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை, எல்லாம் உங்களுடையதுதான்.

அக்கா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றுவிட்டாள்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

மச்சான்


ஏப்ரல் 4

உனக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தத் தடவை உன் தம்பி வழியாக வேண்டாம், நேராக உனக்கே எழுதுகிறேன். மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

உனக்கு இப்போது சந்தோஷம்தானே? சங்கத்திலிருந்து வேனில் போயிருந்தோம். ஊருக்கு வெளியே, பழைய கல்குவாரி மேட்டில். வானம் கழுவி விட்டது போல இருந்தது. வால்நட்சத்திரத்தைப் பார்த்ததும் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள். நான் 200 லென்ஸைப் போட்டுப் பார்த்தேன். கார்த்திகைக் கூட்டத்தைக் கீழே வைத்தால் மேலே வால் பாதியில் அறுந்து போகிறது. வாலை முழுதாக வைத்தால் கூட்டம் வெளியே போகிறது. படுக்க வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன், சாய்த்து வைத்தேன். எப்படி வைத்தாலும் ஏதோ ஒன்று வெளியே போகிறது. பக்கத்தில் நின்ற தலைவர் திரையை எட்டிப் பார்த்து, "என்ன சார், வாலுக்கு எடம் விடலியா?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும்.

135 லென்ஸைப் போட்டுப் பார்க்கலாம் என்று பையைத் துழாவினேன். அது இல்லை. நீ எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது. மற்றவர்கள் கொண்டுவந்தவை எதுவும் நம் கேமராவில் பொருந்தாது. அவர்களுடைய படங்களிலும் ஒன்று வால்நட்சத்திரம் பொட்டு, இல்லையென்றால் தொலைநோக்கியில் எடுத்த வெறும் தலை. மறுநாள் மேகம். அதற்கு மறுநாளும் மேகம். மேகம் விலகியபோது இரண்டும் எங்கோ தள்ளித் தள்ளி நின்றன. அந்த வால்நட்சத்திரம் இனி நம் ஆயுளுக்குத் திரும்பாது.

கணக்கு தப்பு என்று உனக்கு ஜனவரியிலேயே தெரியும். சரியான விடையும் தெரியும். லென்ஸும் உன்னிடம். தெரிந்துகொண்டே என்னை அந்த மேட்டில் நிற்க வைத்து வேடிக்கை பார்த்தாய். எத்தனை கோபம் இருந்தாலும் நீ தப்புக் கணக்கைத் தப்பாகவே விடுபவள் இல்லை என்று நினைத்திருந்தேன். இவ்வளவு வன்மம் உனக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்


ஏப்ரல் 19

உங்களுக்கும் தம்பிக்கும்,

இரண்டு பேருக்கும் இந்த ஒரே கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுகிறேன். யாருக்கு எதை எழுதினேன் என்று இனிமேல் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு நேராக டிரைவிங் ஸ்கூல் ஆபீஸுக்குப் போனேன். தம்பி ஒரு பெண்ணுக்குச் சாலைக் குறிகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணை வெளியே உட்காரச் சொன்னேன்.

"ஜனவரில நான் சொன்னத அவருக்கு எழுதினியா?"

"எழுதினேன்க்கா."

"என்ன எழுதின?"

"தப்புன்னு எழுதினேன்."

"மிச்சம்?"

தம்பி மேஜை டிராயரைத் திறந்து உங்கள் கடிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தான். "அவரு வேண்டாம்னுதானே எழுதிருக்காரு, நீயே பாரு" என்றான். பார்த்தேன். உங்கள் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். பதிலுக்கு இவன் என்ன எழுதினான் என்பதையும் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்டேன்.

உங்களுக்கு வந்து சேராததை இப்போது சொல்கிறேன். நான் தம்பியிடம் எழுதச் சொன்னது இது:

"பெட்டியில போட்டிருக்கிற பன்னிரண்டு பெரிய கேமராவுக்கு. அதுவும் மூலைக்கு மூலை. நம்ம கேமராவுக்குள்ள படம் விழற தகடு சின்னது. நீளவாட்டுல இருபத்திரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அத லென்ஸோட எண்ணால வகுத்து ஐம்பத்தேழால பெருக்கினா 200க்கு ஆறு டிகிரிதான் வரும். 135க்கு ஒன்பதர வரும். கேமராவ நிமித்தி வச்சா கூட்டம், தல, வால் எல்லாம் அடங்கும். 135 என்கிட்ட இருக்கு. அன்னைக்கி நானே எடுத்துட்டு வரேன். ரெண்டு பேருமா எடுப்போம். படத்துக்குக் கீழ ரெண்டு பேர் பேரும் வரணும். சரின்னா எழுதச் சொல்லு, வந்துடுறேன்."

வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை வாயில் கொண்டுவர எனக்கு இத்தனை மாதம் பிடித்தது.

தம்பி, அதை நீ எழுதவில்லை. எனக்காகக் கோபப்பட்டாயாம். என் கோபம் எனக்கு இல்லையா? நான் அதை விழுங்கிவிட்டு ஒரு வார்த்தை சொன்னால், அது போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நீ யார்? காரில் உன் பக்கம் ஒரு பிரேக் இருப்பது போல என் வாழ்க்கையிலும் இருக்கிறது என்று நினைத்துவிட்டாய். அவர் என் பெயரை விட்டார். நீ என் பேச்சையே விட்டுவிட்டாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் மட்டும் என்ன? என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியவில்லையே! ஒரே ஒரு வரி, என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தால் போதும். அதற்குக்கூட உங்கள் பேனா வளையவில்லை. கேட்காமலேயே வேண்டாம் என்றீர்கள். உங்கள் ஆபீஸில் பத்துப் பேர் சும்மா இருக்கிறார்களாம். அவர்கள் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள். என் சர்வே ஆபீஸில் ஒரு சாக்கடைக்கு வரைபடம் போட்டாலும் மூலையில் வரைந்தவர் பெயர் இருக்கும், சரிபார்த்தவர் பெயர் இருக்கும். கையெழுத்துப் போடும் அதிகாரி பெயர் அதற்குக் கீழேதான்.

நீங்கள் மேட்டில் நின்ற அதே நேரம் நான் தம்பி வீட்டு மொட்டை மாடியில் நின்றேன். கையில் லென்ஸ் இருந்தது, கேமரா இல்லை. நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் பத்து டிகிரியை மறைக்கும், அதை வைத்து அளந்து பார்த்தேன். கூட்டத்தின் அடியிலிருந்து வால் முடிவது வரை முஷ்டிக்குள் அடங்கியது, ஒன்பது டிகிரி. என் கணக்கு சரியாக இருந்தது. அந்தக் கணக்கை என்ன செய்வது என்று தெரியாமல் அழுதேன். அந்தப் படம் இப்போது யாரிடமும் இல்லை.

நானே எழுதியிருக்கலாம் என்று நீங்கள் இருவரும் நினைக்கலாம். உறையின் மேல் உங்கள் பெயரை எழுத என் கை வரவில்லை. அந்த அளவுக்குக் கோபம்.

என் சர்வே ஆபீஸுக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். எழுதலாம். வர வேண்டாம்.

நான்


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? உன் போர்வையை இங்கேயே விட்டுவிட்டாய்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி முதலில் படித்துவிட்டாள். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், அவ்வளவுதான்.

அக்கா, எனக்கு அந்த அரங்கில் உன் முகம் இருந்த விதம்தான் கண்ணிலேயே நிற்கிறது. நீ மறுபடியும் அங்கே போய் உட்கார்ந்து மறுபடியும் யாராவது கைதட்ட வேண்டுமா என்று இருந்தது. அதனால்தான் செய்தேன். செய்தது தப்பு. ஆனால் அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் தப்பில்லை. அதை நான் விட மாட்டேன். நீ என் மேல் வைத்திருப்பதையும் விடச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

அத்தானுக்கும் எழுதிவிட்டேன். நீ சொன்னதை மறைத்தது நான்தான், உன் மேல் பழி போட வேண்டாம் என்று எழுதினேன். நலமா என்று இந்தத் தடவை நானாகவே கேட்டேன்.

போர்வையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகட்டுமா? உள்ளே வர மாட்டேன்.

தம்பி


மே 6

அன்புள்ள உனக்கு,

நலமா? எனக்குத் தூக்கம் சரியில்லை. மற்றபடி நலம்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து உன் தம்பி மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு என் மேலேயே வந்தது. வேண்டாம் என்று எழுதிய கையை உடைத்துப் போடலாம் போல இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது, ஏதாவது செய்ய வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போனேன். கூட்டம் நடக்கும்போது எழுந்து நின்று, ஆன்ட்ரோமெடா படத்தின் கணக்கு முழுவதும் என் மனைவியுடையது, அன்று நான் மேடையில் பேசியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தலைவர், "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

வால்நட்சத்திரத்துக்காக வைத்திருந்த சுவர் காலியாகத்தானே இருக்கிறது? அங்கே நம் ஆன்ட்ரோமெடாவைப் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள். கீழே புதுச் சீட்டும் அச்சடித்து ஒட்டியாகிவிட்டது. என் பெயர், அதற்கு அடுத்த வரியில் "கணக்கு உதவி: திருமதி" என்று போட்டு என் பெயர். நானே நின்று ஒட்ட வைத்தேன். போய்ப் பார். உனக்குத் திருப்தியாக இருக்கும்.

நீ கேட்டது இதுதானே? ஆகிவிட்டது. எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது. ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன் கணவன்


மே 20

உங்களுக்கு,

நான் நலம். தூக்கம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று தப்பு என்று சொன்னது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அது எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை நானே போய்ச் சுவரைப் பார்த்தேன். முதல் வரியில் நீங்கள். இரண்டாவது வரியில் "திருமதி" போட்டு மறுபடியும் நீங்கள். அந்தச் சீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரும் நீங்கள்தான். பக்கத்தில் நின்று ஒட்ட வைத்தீர்களே, அப்போதுகூட என் பெயர் எங்கே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சீட்டைக் கிழித்தேன். அரங்கத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செயலாளர் ஓடி வந்தார். யார் நீங்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஐயோ, நீங்களாம்மா? சார் ஒரு வார்த்த வந்து சொல்லட்டும், உடனே மாத்திடுறோம்" என்றார்.

"நான்தான் வந்து சொல்றேனே" என்றேன்.

அவர் நின்றார். நானும் நின்றேன். கடைசியில் உள்ளே போய் ஒரு வெள்ளைச் சீட்டும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். மேலே என் பெயரை எழுதினேன். கீழே உங்கள் பெயரை எழுதினேன். உங்கள் பெயரை அடித்துவிட எனக்கு உரிமை இல்லை, படம் எடுத்தது நீங்களும்தான். உதவி என்று யார் பெயருக்கு முன்னாலும் போடவில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வரவில்லை. நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டாம். தம்பி போர்வையை வாசலில் வைத்துவிட்டுப் போனான், அவனையும் நான் உள்ளே கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. தீர்ந்தால் நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி அனுப்ப மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்